ஆயர்கள் பட்டியல் மட்டும் ஆலய வரலாறு ஆகிவிடாது

அன்புள்ள என் மாணவச் செல்வங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

இது நீளமான பதிவு. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதால் "டீச்சர், மெயினருவியில தண்ணி எப்படி விழுது?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்கிறீர்கள். நல்லா விழுது, வாங்க. ஆனால் இந்தப் பதிவு அருவியைப் பற்றி அல்ல. பொறுமை இருக்கிறவர்கள் மட்டும் படியுங்கள். கோபம் வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தென்காசி வட்டாரத்தில் ஒரு பங்கு. ஊர்ப் பெயர் வேண்டாம்; தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோயிலுக்கு நூற்றாண்டு கொண்டாடுகிறார்கள், மலர் போடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, தமிழ் எழுத வரும், பாட்டன் அந்தக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர் என்று என்னிடம் 'ஆலய வரலாறு' எழுதித் தரச் சொன்னார்கள். எட்டுப் பக்கம் கேட்டார்கள். பதினாலு பக்கம் கொடுத்தேன். போன வாரம் அது ஐந்து பக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது. மலர்க்குழு வெட்டியது போக மிச்சம் இருப்பது இன்னின்ன ஆண்டில் இன்னின்ன ஆயர், இன்னின்ன ஆண்டில் இன்னின்ன பங்குத்தந்தை, யார் காலத்தில் கோபுரம், யார் காலத்தில் கெபி, யார் காலத்தில் டைல்ஸ். கடைசியில் நான் எழுதாத ஒரு வரி, குழு சேர்த்தது: "தொடக்க காலம் முதலே சாதி பேதமின்றி ஒரே குடும்பமாக வாழ்ந்து வரும் இறைமக்கள்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்கு வருமுன் அந்த ஆயர் பட்டியலையே கொஞ்சம் பார்ப்போம். வரலாறு என்று அவர்கள் நம்புவது அதைத்தானே.

பட்டியலில் தூத்துக்குடி ரோச் ஆண்டகை இருக்கிறார், "இந்தியாவின் முதல் இந்திய ஆயர்" என்ற அடைமொழியோடு. பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் சேசு சபைக் குரு; 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயர். இன்றைய காலத்து லத்தீன் ரீதித் திருச்சபையில் ஆயரான முதல் இந்தியர் என்று சொன்னால் சரி. "இந்தியாவின் முதல்" என்று மொட்டையாகச் சொன்னால் தப்பு. கோவாக்காரரான மத்தேயு தெ காஸ்ட்ரோ 1637-லேயே ரோமில் ஆயராக அபிஷேகம் பெற்றவர். கேரளத்துச் சிரியன் கத்தோலிக்கரில் பறம்பில் சாண்டி 1663-ல் ஆயரானார். 1896-ல் அங்கே ஒரே நேரத்தில் மூன்று மலையாளிகளை ரோம் ஆயர்களாக்கியது. இதெல்லாம் போகட்டும். ரோச் ஆண்டகை அந்தப் பங்குக்கு ஆயராக இருந்ததே இல்லை! 1923-ல் தூத்துக்குடி பிரிந்தபோது நம் பக்கம் திருச்சியோடேயே நின்றது. 1938-ல் மதுரை மறைமாவட்டம் வந்து லெயோனார் ஆண்டகை ஆயரானபோது அதோடு போனோம். 1973-ல் பாளையங்கோட்டை மறைமாவட்டம் உண்டாகி இருதயராஜ் ஆண்டகை முதல் ஆயரானார். பெரிய பெயராக இருக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுத் தாத்தா படத்தைக் கொண்டுவந்து நம் வீட்டில் மாட்டுவதா? குழுவில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். வரலாற்றுப் பாடத்தில் நல்ல மார்க்குதான் போட்டிருக்கிறேன்.

சரி, பழமைதான் பெருமை என்றால் அதையாவது முழுதாகச் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் பால்டிமோர் பக்கத்தில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் லீவில் வந்திருந்தான். "டீச்சர், அங்க முதல் பிஷப்பே 1789-லதான் வந்தாராம். நம்ம கோயில்லாம் அதைவிடப் பழசா?" என்று கேட்டான். செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கினால் கொல்லம். நாம் தேங்காயும் மிளகும் வாங்கவும் விற்கவும் போய்வந்த அதே கொல்லம். 1329-ல் பாப்பரசர் 22-ம் யோவான் அந்தக் கொல்லத்தை மறைமாவட்டமாக்கி, ஜோர்டானுஸ் கத்தலானி என்ற தொமினிக்கன் சபைத் துறவியை ஆயராக்கினார். இந்தியாவிலேயே முதல் லத்தீன் மறைமாவட்டம் அதுதான். கொலம்பஸ் கப்பலேறியது 1492. கரீபியன் தீவுகளில் முதல் மறைமாவட்டங்கள் 1511. "நீ இருக்கிற ஊருக்கு 460 வருஷம் மூத்தது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது" என்று சொன்னேன். பயல் வாயைப் பிளந்தான். ஜோர்டானுஸுக்குப் பிறகு அந்த மறைமாவட்டம் தொடரவில்லை, 1886-ல்தான் மறுபடி உயிர் பெற்றது என்பதையும் சொன்னேன். பெருமைக்காகப் பாதியை மறைக்கக் கூடாது.

அதே கொல்லத்தில்தான் 1578-ல் அன்றீக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், பதினாறே பக்கம். இதை உங்களுக்கெல்லாம் ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஒரு கேள்வி. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1536, 37-ல் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் சவேரியார் வந்தார். இரண்டு வருஷம்கூட அவர் அந்தக் கரையில் நிலையாக இருக்கவில்லை. அவர் போன பிறகு ஊர் ஊராக மந்திரம் சொல்லிக் கொடுத்தது யார்? பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றியது, செத்தவர்களுக்காக ஜெபம் சொல்லி அடக்கம் பண்ணியது யார்? கணக்கப்பிள்ளைகள். சவேரியாரே ஊருக்கு ஒருவரை நியமித்து, போர்ச்சுக்கல் ராணியின் பாதணிச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஏற்பாடு செய்தார். ராணியின் செருப்புக் காசு வரலாற்றில் இருக்கிறது. அந்தக் காசை வாங்கி வேலை செய்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்?

உள்நாட்டுக்கு வாருங்கள். 1606-ல் நொபிலி மதுரைக்கு வந்தார். அவருடைய மதுரை மிஷன் கொடுங்கல்லூர்ப் பேராயருக்குக் கீழே இருந்தது. கரையோரம் கொச்சி ஆயருக்குக் கீழே. இரண்டு பேரும் மலைக்கு அந்தப் பக்கம். குதிரையிலும் பல்லக்கிலும் கணவாய் தாண்டி வர வேண்டிய ஒரு மேற்றிராணியார் (எங்கள் ஆச்சி கடைசிவரை ஆயர் என்று சொன்னதே இல்லை, மேற்றிராணியார்தான்) ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் வந்து போயிருக்க முடியுமா? வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் இருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். தேம்பாவணி தந்த மகான், குறையே சொல்லமாட்டேன். ஆனால் அவர் சிறையில் இருந்தபோதும், ஊர் ஊராக அலைந்தபோதும் இங்கே சபையைக் கட்டிக் காத்தது யார் என்று ஒரு மலராவது கேட்கிறதா?

அடுத்து 1773. பாப்பரசரே சேசு சபையைக் கலைத்துவிட்டார். திரும்பப் பிரெஞ்சு சேசு சபையார் மதுரை மிஷனுக்கு வந்தது 1838 வாக்கில். இடையில் 65 வருஷம்; இரண்டு மூன்று தலைமுறை. கோவாவிலிருந்து வந்த மிகச் சில குருக்கள் இவ்வளவு பெரிய நிலப்பரப்பை எப்படிப் பார்த்திருப்பார்கள்? வருஷத்துக்கு ஒரு பூசை கிடைத்தாலே பெரிய பாக்கியம். அப்படியும் பிரெஞ்சு சாமியார்கள் வந்து இறங்கியபோது இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். செபமாலை சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். இது எப்படி நடந்தது? உபதேசியாராலும், கோயில்பிள்ளையாலும், மனப்பாடமாக மந்திரம் சொல்லிக் கொடுத்த ஆச்சிமாராலும் நடந்தது. மலர்க்குழு திருத்தித் தந்த ஐந்து பக்கத்தில் இந்த 65 வருஷத்துக்கு ஒரே வரி: "இது ஓர் இருண்ட காலம்." ஆயர் இல்லை, வெள்ளைச் சாமியார் இல்லை என்றால் இருட்டா? யாருக்கு இருட்டு? எழுதுகிறவருக்குத் தகவல் தெரியவில்லை என்றால் அது அந்தக் காலத்து மனுஷருடைய குற்றமா?

இந்த உபதேசியார் பகுதியைத்தான் முதலில் வெட்டினார்கள். காரணம், "இடமில்லை." பதினெட்டு வாழ்த்துச் செய்திக்கு இடம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரே வாழ்த்து, முழுப் பக்கப் படத்தோடு.

இரண்டாவது வெட்டுக்குக் காரணம் வேறு. அதை அவர்கள் எழுத்தில் தரவில்லை, போனில் சொன்னார்கள். "அத்தை, அதெல்லாம் எதுக்கு இப்ப கிளறணும்?"

எதைக் கிளறினேன்? அந்தக் கோயிலில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழத்தெரு ஜனங்கள் தெற்கு வாசல் வழியாக வருவார்கள். தெற்குப் பக்கம் தரையில் உட்காருவார்கள். நற்கருணைக்குக் கடைசியில் எழும்புவார்கள். சப்பரம் நான்கு தெரு சுற்றும். கீழத்தெருவுக்குள் போகாது, முக்கில் நின்று திரும்பும். அவர்கள் முக்குக்கு வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போவார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு வடக்கு ஓரம். இது நான் கண்ணால் பார்த்தது, நானூறு வருஷத்துக்கு முந்திய கதை அல்ல. எங்கள் வீடு மேலத்தெரு என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தாத்தா நல்லவர், மூன்று ஊருக்கு நடந்தே போய்ச் சின்னக் குறிப்பிடம் சொல்லிக் கொடுத்தவர், அறுப்பு நாளில் கிடைக்கும் நெல்தான் சம்பளம். அவரும் அந்த ஒழுங்கை மீறியவர் இல்லை. கீழத்தெருவில் இன்னொரு உபதேசியார் இருந்தார். அந்த ஜனங்களுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தது, அவஸ்தைக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தது, சாமியாரை வண்டி கட்டி அழைத்து வந்தது எல்லாம் அவர். எங்கள் வீட்டில் அவரைச் 'சின்ன உபதேசியார்' என்பார்கள். வயதில் தாத்தாவைவிட மூத்தவர். சின்ன என்பது எதனால் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததா? வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புனித தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அங்கே 1872-ல் கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்கு இரண்டு கூடம். பீடத்தில் வந்து சேரும் இரண்டு கால் மாதிரி. வெள்ளைக்காரரே 'கால்சட்டைக் கோயில்' என்று கேலி பேசினார்கள். ஒரு கூடத்தில் வேளாளர், இன்னொன்றில் நாடார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி நடுவே சுவர். ஒரே பீடம், ஒரே சாமியார், ஒரே நற்கருணை, ஆனால் சுவர். 1910-ல் சேசு சபைக் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். உடனே என்ன நடந்தது? மனந்திரும்பினார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் தனி இடம் எங்கள் உரிமை என்று திருச்சி ஆயர் பார்த் பெயரில் வழக்கு. மதராஸ் ஹைகோர்ட் வரை போய், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கோயிலுக்குள் தனி இடம் என்று ஒரு சாதிக்கு உரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைக் கொடுத்த அமர்வில் இருந்த ஒருவர் சதாசிவ ஐயர். கிறிஸ்தவன் கிறிஸ்தவனோடு சேர்ந்து உட்காரலாம் என்பதை ஓர் ஐயர் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கும் முந்தி 1744-ல் பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பரின் ஆணையைத் தொடர்ந்து, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்றே தனியாகக் குருக்களை ஒதுக்கினார்கள். மற்ற குருக்கள் அவர்கள் குடிசைக்குள் போனால் மேல்சாதியார் கோயிலுக்கு வரமாட்டார்கள் என்று பயம். ஆயர்களும் பெரிய குருக்களும் இதையெல்லாம் அறியாமல் இருந்தார்களா? அறிந்துதான் இருந்தார்கள். சிலர் எதிர்த்தார்கள், சிலர் ஒத்துப்போனார்கள். யார் என்ன செய்தார் என்று எழுதுவதுதான் ஆயர்களுடைய வரலாறு. பிறந்த தேதி, அபிஷேகத் தேதி, இறந்த தேதி கல்லறைக் கல்வெட்டுக்குப் போதும்.

பால்டிமோர்ப் பையனிடம் அவன் ஊர்க் கதையையும் கேட்டேன். அங்கே முதல் ஆயர் ஜான் கரோல். குருக்களே ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுத்து ரோமுக்குப் பெயர் அனுப்பினார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியை நிறுவியவர். அமெரிக்கக் கத்தோலிக்கர் அவரைக் கொண்டாடுவது நியாயமே. ஆனால் அந்த ஆயரிடமும் அடிமைகள் இருந்தார்கள். மேரிலாந்து சேசு சபையாரின் தோட்டங்கள் அடிமைகள் உழைப்பில் ஓடின. 1838-ல், அதாவது இங்கே பிரெஞ்சு சேசு சபையார் வந்து இறங்கிய அதே காலத்தில், அங்கே சேசு சபையார் 272 அடிமைகளை லூசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். கிழவர், கைக்குழந்தை எல்லாரும் அதில் அடக்கம். கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரிக் கடனை அடைக்கப் போனது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இந்த விஷயம் பொதுமக்கள் பேச்சுக்கு வரவே இல்லை. விற்ற சபைத்தலைவர் பெயரில் கட்டிடமே இருந்தது. பிறகு என்ன செய்தார்கள்? பெட்டியைப் பூட்டிவிட்டு "ஏன் கிளறணும்" என்றார்களா? விற்பனைப் பட்டியலைத் திறந்தார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2017-ல் அவர்கள் முன்னிலையில் சேசு சபை மன்னிப்புக் கேட்டது. அந்தக் கட்டிடத்துக்கு இப்போது பட்டியலில் முதல் பெயராக இருந்த ஐசக் ஹாக்கின்ஸ் என்ற அடிமையின் பெயர். அதனால் கரோல் ஆயரின் கோயில் இடிந்து விழுந்துவிடவில்லை. அந்த மாணவனே போன ஞாயிறு அங்கே பூசை கண்டு படம் அனுப்பியிருக்கிறான்.

இனி, என்னிடம் சொன்ன பெரிய வாதத்துக்கு வருகிறேன். சொன்னவர் எனக்குத் தம்பி முறை. படித்தவர். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. "அக்கா, காலம் சரியில்ல. நம்மள எதிர்க்கிறவன் எப்ப என்ன கிடைக்கும்னு பாத்துட்டு இருக்கான். நீங்களே எடுத்துக் கொடுக்கலாமா?" என்றார்.

தம்பி, எதிர்க்கிறவனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். வடக்கன்குளம் வழக்கு நூறு வருஷமாகச் சட்டப் புத்தகத்தில் அச்சாகிக் கிடக்கிறது. செண்பகனூரில் சேசு சபை ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். பெஸ் சுவாமியார் 1914-லேயே மதுரை மிஷன் பங்குகளின் வரலாற்றைப் பிரெஞ்சில் எழுதி அச்சிட்டுவிட்டார். 2016-ல் இந்திய ஆயர் பேரவையே தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில், தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது, அது பாவம் என்று ஒத்துக்கொண்டது. 2022 மே 15-ல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது வாடிகன் அவர் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. கூடாது, வைத்தே ஆக வேண்டும் என்று இங்கே எத்தனை பேர் குதித்தார்கள் என்று உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆக, ரோமுக்குத் தெரிந்தது, கோர்ட்டுக்குத் தெரிந்தது, ஆயர் பேரவைக்குத் தெரிந்தது. தெரியாதது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அந்த "சாதி பேதமின்றி" வரியில் இன்னொரு விஷம் இருக்கிறது. அதை எழுதியவர் நினைத்து எழுதியிருக்கமாட்டார், ஆனால் இருக்கிறது.

1950 ஆகஸ்ட் 10-ம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். கிறிஸ்தவத் தலித்துகளுக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே அவமானம். அண்ணன் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், தம்பி பிள்ளைக்கு வேறு சான்றிதழ். என் வகுப்பிலேயே அப்படி இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும் நாளில் அந்தச் சின்னவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இந்த ஆணைக்குச் சொல்லப்படும் நியாயம் என்ன? கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது, ஆகவே மதம் மாறினவனுக்குச் சாதிக் கொடுமையும் கிடையாது என்பதுதான். அந்த ஆணையை எதிர்த்து ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ம் தேதியும் திருச்சபை கறுப்பு நாள் அனுசரிக்கிறது. அதே பங்கில் போன வருஷம் கறுப்புக் கொடி ஏற்றினார்கள். கீழத்தெரு இளைஞர்கள்தான் கம்பம் நட்டார்கள்.

கோயில் வாசலில் கறுப்புக் கொடி, "எங்கள் தலித் மக்கள் கிறிஸ்தவரான பிறகும் சாதிக் கொடுமையை அனுபவித்தார்கள், நியாயம் கொடுங்கள்" என்று. கோயிலுக்குள் விற்கும் மலரில், "எங்களிடம் தொடக்க முதலே சாதி பேதம் இல்லை" என்று. நாளைக்கு ஒரு கமிஷன் வந்து ஆதாரம் கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? உங்கள் கையெழுத்தோடு, ஆயர் வாழ்த்துச் செய்தியோடு, வழவழத் தாளில் அச்சிட்ட பொய்யைக் காட்டுவீர்களா? கீழத்தெருக்காரர் பட்டதை இல்லை என்று சொல்வதற்கு அவர்களிடமே தலைக்கட்டு வரி வாங்கி மலர் போடுகிறீர்கள். இதைவிடப் பெரிய அநியாயம் தெற்கு வாசலில்கூட நடக்கவில்லை.

"இப்ப அப்படியெல்லாம் இல்லையே அத்தை" என்கிறார்கள். தெற்கு வாசல் இப்போது எல்லாருக்கும் திறந்திருக்கிறது, உண்மை. எல்லாரும் பெஞ்சில் உட்காருகிறார்கள். சந்தோஷம். சப்பரம்? "தெரு குறுகல், சப்பரம் திரும்பாது." கான்கிரீட் ஏற்றிய லாரி திரும்புகிற தெருவில் சம்மனசுகள் தூக்கிய சப்பரம் திரும்பாதாம். மலர்க்குழுவில் பதினோரு பேர். கீழத்தெருவிலிருந்து எத்தனை பேர் என்று கேட்டேன். "அவங்க அசனக் குழுவுல இருக்காங்க" என்று பதில். விறகு சுமக்கவும் அண்டா கழுவவும் ஒரே குடும்பம். வரலாறு எழுதும்போது மட்டும் பேச்சைக் காணோம்.

கோயில் கட்டின கதையையும் எழுதியிருந்தேன், அதுவும் போயிற்று. கோயில் எழும்பியபோது கீழத்தெரு ஆண்கள் வாரத்தில் ஒருநாள் கூலி வாங்காமல் கல் சுமந்தார்கள், பெண்கள் சுண்ணாம்பு அரைத்தார்கள் என்று எங்கள் ஆச்சி சொல்வார். மலரில் "பிரான்சு நாட்டு உபகாரிகளின் தாராள நன்கொடையால்" எழும்பியதாக இருக்கிறது. பிரான்சிலிருந்து காசு வந்திருக்கலாம். கல்லுமா பிரான்சிலிருந்து நடந்து வந்தது?

பங்குத்தந்தையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. என் பதினாலு பக்கத்தையும் படித்துவிட்டு, "டீச்சர், நல்லா இருக்கு, ஆனா கமிட்டி முடிவு" என்றார். கமிட்டி என்பது யார்? என் சொந்தக்காரர்களும் என்னிடம் படித்தவர்களும்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த மாதம் 20-ம் தேதிக்குள் ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். என் பதில் இது. பக்கம் குறைய வேண்டும் என்றால் டைல்ஸ், கெபி, ஒலிபெருக்கி பற்றியதை எடுங்கள். ரோச் ஆண்டகையை அவருக்குரிய தூத்துக்குடிக்கு மரியாதையோடு அனுப்பிவையுங்கள். உபதேசியார்களும் தெற்கு வாசலும் சப்பரம் நின்ற முக்கும் இருக்க வேண்டும்; "சாதி பேதமின்றி" போக வேண்டும். முடியாது என்றால் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். பதினாலு பக்கத்தையும் தென்காசியில் நகல் எடுத்துத் திருவிழாவின் ஒன்பதாம் நாள் கோயில் வாசலில் நானே கொடுப்பேன். மூட்டுவலிதான், ஆனாலும் ஒரு மணி நேரம் நிற்க முடியும்.

உங்களிடம் ஓர் உதவி. சின்ன உபதேசியாருடைய முழுப் பெயர் எனக்கு வேண்டும். எங்கள் தாத்தாவின் நோட்டில் 'சி.உ.' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானத்தகப்பன் கட்டத்தில் அவர் பெயர் கட்டாயம் இருக்கும். பங்கு அலுவலகத்தில் பார்க்க அனுமதி கேட்டுக் காத்திருக்கிறேன். கீழத்தெருவிலிருந்து சென்னை, திருப்பூர், மும்பை என்று போய்விட்ட என் மாணவர்கள் உங்கள் ஆச்சி, தாத்தாவிடம் இன்றே போனில் கேளுங்கள். வடக்கு ஓரத்தில் புளியமரத்துக்குக் கீழே பெயர் எழுதாத மூன்று கற்சிலுவை இருக்கிறது. அதில் அவருடையது எது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள். பொதுவில் எழுதத் தயங்குகிறவர்கள் தனிச் செய்தியில் அனுப்பலாம். என் நம்பர் மாறவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்